உங்களையே திட்டிக்கொண்டால் குடி நிற்குமா?

கடிதத்தின் சுருக்கம்

(எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் 39 வயது வாசகர் எழுதியிருக்கிறார். 19 வயதில் ஆரம்பித்த குடி. கடைசி சில வருடங்களாகத் தினமும் இரண்டு குவார்ட்டர். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் அதற்குக் கணக்கே கிடையாது. போதை மீட்பு மையத்தில் 28 நாள் தங்கிச் சிகிச்சை எடுத்தார். அதன்பிறகு வாரம் இரண்டு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டத்துக்குப் போய், ஐந்து மாதம் தொடாமல் இருந்தார்.

அப்பாவும் குடித்தவர்தான். பெல்ட்டால் அடிப்பார். ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முந்தின ராத்திரி மகனின் புத்தகப் பையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு, அவனை வாசலில் முட்டி போட வைத்தார். அம்மா கதவைத் திறக்கவில்லை. அம்மா இப்போது உயிருடன் இல்லை. அப்பா, இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோய், இவர் வீட்டில்தான் படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டி விடுவதும் இவரே.

போன மாதம் ஒருவர் அனுப்பிய ஆடியோவைக் கேட்டு, 'உங்களுக்குள் இருக்கும் குழந்தையைச் சந்திக்கும்' பயிற்சியை ராத்திரி, இருட்டறையில், தனியாக 40 நிமிடம் செய்திருக்கிறார். முட்டி போட்டிருந்த அந்தப் பையன் கண்ணெதிரே வந்துவிட்டான். உடம்பெல்லாம் நடுக்கம். விடியும்வரை தூக்கமில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு குவார்ட்டர். அதற்குப் பிறகு மேலும் மூன்று நாள். இப்போது மறுபடி நிறுத்தியிருக்கிறார்.

"என் மேலேயே நான் பரிதாபப்பட்டதுதான் வினையாச்சு. என்னை மாதிரி ஆளுக்கு இரக்கம் ஆகாது சார், செருப்படிதான் சரி. முதல் நாள் குடிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, நானும் அந்த ஆளோட ரத்தம்தானே. இனிமே என்ன இருக்குன்னுதான் அடுத்த நாளும் போனேன்" என்று எழுதுகிறார். அவருடைய கேள்விகள்: தன்மீது பரிவு காட்டுவது சாக்குச் சொல்வது ஆகாதா? சிறுவயதில் பல விஷயங்கள் ஞாபகமே இல்லை, அதையெல்லாம் தோண்டி எடுத்தால்தான் குணமாகுமா? அப்பாவை மன்னித்தே ஆக வேண்டுமா? போன தீபாவளிக்கு மறுநாள் போதையில் அடித்து, பத்து வயது மகனுக்கு உதடு கிழிந்துவிட்டது. அவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாம் என்று மனைவியிடம் யாரோ சொல்கிறார்களே, அது சரியா? கடைசி வரி: "இப்படி இருக்கிறதுக்கு இல்லாமலே போயிடலாம்னு சில ராத்திரி தோணுது."

முதலில் அந்தக் கடைசி வரி

அன்புள்ள வாசகருக்கு, மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன். 'சில ராத்திரி தோணுது' என்பதை நான் சும்மா விட்டுவிட முடியாது. குடியிலிருந்து மீண்டுவரும்போது, அதிலும் ஒரு சறுக்கலுக்குப் பிறகு வரும் நாட்களில், இந்த எண்ணம் பலருக்கு வருகிறது. வந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதில்தான் ஆபத்து. இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். உங்கள் மனநல மருத்துவருக்கும் சொல்லுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவில் தோன்றினால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் பூச்சிமருந்தோ, அப்பாவுக்காக மொத்தமாக வாங்கி வைத்த மாத்திரைகளோ இருந்தால் அவற்றை மனைவியின் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அந்த மாதிரி வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்த நான்கு நாளில் நடந்தது என்ன?

இரக்கப்பட்டதால் குடித்தேன் என்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

முதல் குவார்ட்டருக்குக் காரணம் தூங்காத ஓர் இரவு, நடுங்கிய உடம்பு, அதை அடக்கத் தெரிந்த ஒரே மருந்தாக 20 வருடமாகப் பழகிப்போன சரக்கு. அது வரைக்கும் சரி. இரண்டாவது நாள் ஏன் போனீர்கள்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 'நானும் அந்த ஆளோட ரத்தம்தானே, இனிமே என்ன இருக்கு'. இது இரக்கத்தின் பேச்சா? நீங்கள் சிபாரிசு செய்யும் அதே செருப்படியின் பேச்சுதான் இது. ஒரு நாள் சறுக்கலை நான்கு நாள் குடியாக நீட்டியது அதுதான்.

போதை சிகிச்சையில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். சபதம் எடுத்தவர் ஒருமுறை சறுக்கும்போது 'நான் உருப்படாதவன், என்னால் ஆகாது' என்று முடிவுகட்டினால், அந்த முடிவின் வலி தாங்காமலே மறுபடி குடிக்கிறார். 'இன்னைக்கு இது நடந்துபோச்சு, எதனால நடந்துச்சு?' என்று பார்ப்பவருக்குத் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது. முதல் குவார்ட்டரை இறக்கிவைத்த கையோடு ஸ்பான்ஸருக்கு (ஏ.ஏ.வில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினருக்கு) போன் போட்டிருந்தால் அது ஒரு நாளோடு முடிந்திருக்கலாம். ஏன் போடவில்லை? வெட்கம். திட்டு வாங்கப் பயப்படும் பையன், திட்டுபவர் இருக்கும் பக்கமே போக மாட்டான். அந்தத் திட்டுபவர் இப்போது உங்கள் மண்டைக்குள்ளேயே இருக்கிறார்.

'அப்பா ரத்தம்' பற்றியும் ஒரு வார்த்தை. குடிநோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, சுமார் பாதி அளவுக்கு. மீதிப் பாதி வளர்ந்த சூழல், வாழ்க்கை, பழக்கம். 1998இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் 9,500 பேருக்கு மேல் கேட்டு வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அடி, அவமதிப்பு, வீட்டில் குடிகாரர், அம்மா அடிபடுவதைப் பார்த்தல் போன்ற சிறுவயதுத் துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று அது காட்டியது. ஆக, உங்களுக்கு அபாயம் அதிகம்தான். ஆனால் அபாயம் என்பது விதி ஆகாது. உங்கள் அப்பா செய்யாத ஒன்றை நீங்கள் செய்திருக்கிறீர்கள்: சிகிச்சைக்குப் போனீர்கள், ஐந்து மாதம் இருந்தீர்கள், சறுக்கிய பிறகும் நிறுத்திவிட்டு உதவி கேட்டு எழுதுகிறீர்கள்.

பரிவா, சாக்கா?

சாக்கு, 'அப்பா என்னை அடித்தார், அதனால் நான் குடித்தது பரவாயில்லை' என்று சொல்லும். கழிவிரக்கம், 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று அங்கேயே சுற்றிச்சுற்றி வரும். பரிவுக்கு மூன்று பகுதி உண்டு. கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003இல் வகுத்துத் தந்தது இது. வலியைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி பார்ப்பது ஒன்று. இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை, மனிதர்களுக்கு நேர்வது என்று உணர்வது இன்னொன்று. நமக்கு வேண்டிய ஒருவரிடம் எப்படிப் பேசுவோமோ அப்படி நம்மிடமும் பேசுவது மூன்றாவது. இரண்டாவது பகுதிக்கு நீங்கள் எங்கும் தேடிப்போக வேண்டாம், ஏ.ஏ. கூட்டத்தில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் அது உட்கார்ந்திருக்கிறது.

எது எது என்று குழம்பினால் ஒரு சின்னச் சோதனை. அந்தப் பேச்சு முடியும்போது, இன்றைக்குச் செய்ய ஒரு வேலை கையில் இருக்கிறதா? 'ரொம்ப வலிக்குது. பையனை அடிச்சது தப்பு. இப்ப என்ன செய்யணும்?' என்று போய் நின்றால் அது பரிவு. வேலை எதுவும் இல்லாமல் 'எல்லாம் அவ்வளவுதான்' என்று முடிந்தால், அதில் கண்ணீர் இருந்தாலும் சரி, திட்டு இருந்தாலும் சரி, கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். டாஸ்மாக்.

பரிவு காட்டினால் ஆள் சோம்பேறி ஆகிவிடுவார் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2012இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இதைச் சோதித்தார்கள். கடினமான சொற்தேர்வு ஒன்றில் சரியாகச் செய்யாத மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் மீது பரிவோடு எழுதச் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அவர்கள்தான் அதிக நேரம் படித்தார்கள். குடிநோய் பரீட்சை அல்ல, தெரியும். ஆனால் தப்பை நிமிர்ந்து பார்க்க முடிந்தவரால்தான் அதைத் திருத்த முடியும் என்பது இரண்டுக்கும் பொது.

அந்த ஆடியோ உங்களைக் கவிழ்த்தது ஏன்?

கருத்தில் பெரிய பிழை இல்லை. நேரம், இடம், அளவு மூன்றும் தப்பு.

நீண்டகாலம் குடித்தவருக்கு நிறுத்திய பிறகும் தூக்கம், பதற்றம், எரிச்சல் சீராகப் பல மாதம் ஆகும். இருபது வருடமாகச் சாராயம் மரத்துப்போக வைத்திருந்த உணர்ச்சிகள் ஒவ்வொன்றாக விழிக்கும் காலம் இது. அந்த நேரத்தில் ராத்திரி, இருட்டு, தனிமை, காதில் ஹெட்போன், 40 நிமிடம், நேராக வாழ்க்கையின் ஆக மோசமான காட்சி. நடுவில் நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. பழகிய ஆலோசகர் அறையில் இதைச் செய்யும்போது உங்கள் முகம் வெளுப்பதைப் பார்த்து நிறுத்திவிடுவார். ஆடியோவுக்குக் கண் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. அன்பு காட்ட வேண்டியவரே அடித்த வீட்டில் வளர்ந்தவருக்கு, கனிவான குரல் கேட்டாலே உடம்பு எச்சரிக்கை ஆகிவிடும். அப்பா நிதானமாக இருந்த நாளில் மடியில் உட்கார வைத்துக் கொஞ்சியதும், அடுத்த நாள் அதே கை பெல்ட் எடுத்ததும் ஒரே முடிச்சாக மனதில் கிடக்கும். அதனால் தன்னிடமே கனிவாகப் பேசும்போது ஆறுதல் வருவதற்குப் பதில் பயம், அழுகை, சில சமயம் கடும் கோபம் வரும். மூடிக் கிடந்த அறைக்குள் கனன்றுகொண்டிருந்த நெருப்பு, கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டு வெடித்துக் கிளம்புவது போல என்று எங்கள் துறையில் சொல்வார்கள். கதவைத் திறக்கவே கூடாது என்பதல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரோடு நின்றுகொண்டு திறக்க வேண்டும்.

எப்படிச் செய்வது?

அந்த ஆடியோவை அழித்துவிடுங்கள். கீழே சொல்வதை ஆரம்பிக்கும் முன் உங்கள் ஆலோசகரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

நேரமும் இடமும்: பகலில், சாப்பிட்ட பிறகு, கண்ணைத் திறந்துகொண்டு, நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படும்படி. மூன்று நிமிடம் போதும். வீட்டில் மனைவி இருக்கும் நேரமாக இருக்கட்டும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேண்டாம். படுத்துக்கொண்டு வேண்டாம். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எது இருந்தாலும் முதலில் அதைக் கவனியுங்கள்.

முதல் இரண்டு வாரம் உடம்பு மட்டும்: ஐந்து விநாடி மூச்சை இழுத்து, ஐந்தாறு விநாடி மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு வரும். பலர் நெஞ்சில் கை வைக்கச் சொல்வார்கள். சிறுவயதில் அடிபட்ட சிலருக்கு அந்தத் தொடுதலே ஆகாது. அப்படியானால் சூடான டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், அதே வேலையைச் செய்யும். இந்தக் கட்டத்தில் சிறுவயது நினைவு எதையும் கூப்பிடாதீர்கள்.

அடுத்த இரண்டு வாரம் சின்ன விஷயங்கள்: அன்றன்று நடந்த சிறு சறுக்கல் ஒன்றை எடுங்கள். துணி அளவில் தப்பாக வெட்டிவிட்டீர்கள், சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார், அந்த அளவு. ஒரு நோட்டில் மூன்று வரி: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, இதே தப்பை உங்களிடம் வேலை பழகும் பையன் செய்திருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பீர்கள். மூன்றாவது வரியை உங்கள் வாயால், உங்கள் வழக்கத் தமிழிலேயே, தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள். 'என் அன்பான குழந்தையே' என்றெல்லாம் புத்தகத் தமிழில் வேண்டாம், நாக்கில் ஒட்டாது. 'சரி விடுப்பா, அளவை இன்னொரு தடவை பார்த்துட்டு வெட்டு' என்பது போதும். முதலில் பொய்யாகத்தான் தோன்றும். பரவாயில்லை, உணர்ச்சி பின்னால்தான் வரும்.

தவிப்புக்கு மதிப்பெண்: செய்யும்போது உங்கள் தவிப்பு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நான்கு வரை தொடரலாம். ஐந்து, ஆறு ஆனால் நிறுத்திவிட்டு, சுற்றிலும் கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, காதில் விழும் மூன்று சத்தம் என்று சொல்லுங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள். ஏழைத் தாண்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், ஆளிடம் போங்கள் அல்லது போன் செய்யுங்கள். பாதியில் நிறுத்துவது தோல்வி கிடையாது. நிறுத்தத் தெரிவதே இந்தப் பயிற்சியில் பாதி.

குடிக்கும் வெறி வந்தால்: இந்தப் பயிற்சியை அப்போது செய்ய வேண்டாம். வெறி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கடை இருக்கும் தெருவை விட்டு விலகி, ஸ்பான்ஸரிடம் பேசிக்கொண்டே அந்த அரை மணியைக் கடந்துவிடுங்கள். சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்காமல் மனைவி கணக்குக்கு அனுப்பச் சொல்ல முடியுமா என்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்.

வாசலில் முட்டி போட்ட அந்த ராத்திரி? அதைத் தனியாகத் தொட வேண்டாம். கெட்ட கனவு, பழைய காட்சி இப்போது நடப்பதுபோல் வந்துபோவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருக்கிறதா என்று மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அதற்கு அதிர்ச்சியை மையப்படுத்திய சிந்தனை-நடத்தை சிகிச்சையையும், இ.எம்.டி.ஆர். என்ற கண் அசைவு சார்ந்த சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்திருக்கிறது. 'குடி நின்று ஒரு வருடம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் அது பழைய கருத்து. பயிற்சி பெற்றவர் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தரலாம்.

ஞாபகம் இல்லாதவற்றைத் தோண்ட வேண்டுமா?

வேண்டாம். எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவந்தால்தான் குணமாகும் என்பது சினிமாவில் வரும் கதை. நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. மயக்கி உட்காரவைத்து, 'இன்னும் பின்னால் போ' என்று தூண்டினால் நடக்காததும் நடந்ததுபோல் பதிந்துவிடும். 1990களில் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகவே காட்டின. ஹிப்னாட்டிஸம், 'முற்பிறவி' என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். தெரிந்ததை வைத்தே தேவையான வேலையைச் செய்துவிடலாம்.

தெரிந்ததில் ஒன்றை நீங்கள் வேகமாகக் கடந்துபோகிறீர்கள். அப்பாவைப் பற்றி நாலு பக்கம், அம்மாவைப் பற்றி 'கதவைத் திறக்கவில்லை' என்று ஒரே வரி. அதையும் உடனே 'அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்' என்று மூடிவிட்டீர்கள். அம்மாவும் பயந்துதான் இருந்திருப்பார். ஆனாலும் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தவனுக்கு வலித்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். இதை ஆலோசகரிடம் நீங்களாகவே எடுங்கள். பெரும்பாலும் இது தானாக வெளியே வராது.

அப்பா

மன்னிப்பது குடியிலிருந்து மீள்வதற்கு நிபந்தனை அல்ல. ஏ.ஏ. நண்பர்கள் வன்மம் குடிக்க வைக்கும் என்று சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் வன்மத்தில் வேகாமல் இருப்பது வேறு, மன்னித்துக் கட்டிப்பிடிப்பது வேறு. ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் நான்காவதில் மனக்கசப்புப் பட்டியல் எழுதும்போது 'இதில் என் பங்கு என்ன' என்று ஒரு பகுதி வரும். பதினோரு வயதில் பெல்ட் அடி வாங்கியதற்கு நேராக அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அங்கே எழுத எதுவும் இல்லை. ஸ்பான்ஸர் வற்புறுத்தினால் இதைச் சொல்லுங்கள். அப்பாவாக வாய்திறந்து வருத்தம் தெரிவிப்பார் என்ற காத்திருப்பையும் இறக்கி வைத்துவிடுவது நல்லது. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது.

பராமரிப்பு தனி விஷயம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 உங்களுக்குப் பொறுப்பு வைக்கிறது, கைவிடுவது தண்டனைக்குரியது. ஆனால் சோறு, இடம், மருத்துவம் கிடைக்க ஏற்பாடு செய்வதுதான் அந்தப் பொறுப்பு. குளிப்பாட்டும் கை உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 'அவரைத் தூக்கும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்குறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் இருவருக்குமே ஆபத்து. விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். அந்தப் பக்கக் கையை ஒருபோதும் இழுக்கக் கூடாது, முதுகுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். கோபம் ஐந்தைத் தாண்டிய நாளில் தூக்கவே தூக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் ஒரு நாள் ஓடிவிடும், அதையும் வேறு யாராவது செய்யட்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் படுக்கை நோயாளிகளுக்கான பராமரிப்பும் தருவார்கள், இலவசம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது அவர்கள் முறை என்று பேசுங்கள். முடியாது என்றால் ஆள் வைக்கும் செலவில் பங்கு கேளுங்கள்.

மகன்

உங்கள் பைக் சத்தம் கேட்டாலே மாடிக்குப் போய்விடுகிறான் என்கிறீர்கள். அவனிடம் பேச ஒரு நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. நீங்கள் நிதானமாக இருக்கும் பகல் பொழுதில், அவன் அம்மாவும் வீட்டில் இருக்கும்போது, அவன் உட்கார்ந்திருந்தால் நீங்களும் கீழே உட்கார்ந்து, இப்படி:

"தீபாவளிக்கு மறுநாள் அப்பா உன்னை அடிச்சேன். உன் உதடு கிழிஞ்சுது. அது என் தப்பு. நீ எந்தத் தப்பும் பண்ணல. நான் டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன். எப்பவாவது அப்பா குடிச்சிருக்கேன்னு உனக்குப் பட்டா, நீ அம்மாகூட சித்தி வீட்டுக்குப் போயிடு. அதுக்காக நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். உங்கள் அப்பா கதையை இதில் சேர்க்காதீர்கள், அது அவன் தலையில் ஏற்றும் சுமை. 'மன்னிச்சிட்டியா?' என்று கேட்காதீர்கள். 'இனிமே குடிக்கவே மாட்டேன்' என்ற சத்தியம் வேண்டாம், அவன் அதை நிறையக் கேட்டிருப்பான். அழுகை வந்தால் எழுந்து வெளியே போய் அழுங்கள். உங்களைத் தேற்றும் வேலை அவனுடையதல்ல. 'ம்' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான், அதோடு விடுங்கள். பிறகு மாதக்கணக்கில் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவதுதான் மன்னிப்பின் மீதிப் பகுதி. அப்பா வாயை மோந்து பார் என்று அவனைக் காவல் வைக்க யாரையும் விடாதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண் என்று அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் மகனுக்காக வரும் குற்ற உணர்வு நல்லது, அது உங்களை அவனிடம் கூட்டிப்போகிறது. 'நானே ஒரு மிருகம்' என்ற எண்ணம் அவனைவிட்டு ஓட வைக்கிறது. முன்னதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கச் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராம் மாத்திரையை. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதயக் கோளாறு இருந்தால் உயிரே போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் அதைத் தொடங்கவே கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். தெரியாமல் சாப்பிட்டவர் தெரியாமலே குடித்துவிடுவார். சில இருமல் டானிக்குகளில் இருக்கும் ஆல்கஹால்கூடப் போதும். எனவே மனைவியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: ரகசியமாக வேண்டவே வேண்டாம். நீங்கள் தெரிந்து, சம்மதித்து, மனைவி கையால் தினம் வாங்கிப் போட்டுக்கொள்வது வேறு, அது பலருக்கு உதவுகிறது. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. முன்னதற்குக் கல்லீரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். டிரமடால் மாதிரியான வலி மாத்திரை எடுப்பவருக்கு நால்ட்ரெக்ஸோன் ஆகாது. கடிதத்தில் நீங்கள் சொன்ன தோள்வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு சறுக்கல் நேர்ந்து பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் பிதற்றலோடு கூடிய கடும் நடுக்கமும் வரலாம். மருத்துவமனையில் வைட்டமின் பி1 ஊசியோடு பாதுகாப்பாக நிறுத்திவிடுவார்கள். குடிநோய், மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் கீழ் வருகிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் கம்பெனிக்குச் சொல்லக் கூடாது.

அடுத்த ரெவ்யூவுக்கு இருவருமாகப் போங்கள். கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளும், அந்த மூன்று வரி நோட்டும் கையில் இருக்கட்டும். உள்ளே போனதும் முதல் வேலையாக, சில ராத்திரிகளில் வரும் அந்த எண்ணத்தைச் சொல்லிவிடுங்கள்.